ரூன் தீவில் மூன்று இரவுகள்: ஜாதிக்காய்க் கிராமத்தின் ஒரு தங்கும் வீடு

கிழக்கு இந்தோனேசியாவின் மாலுக்கு மாநிலத்தில், பண்டா தீவுக்கூட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள ரூன் தீவில், படகுத்துறையிலிருந்து படிப்படியாக மேட்டில் ஏறிச் செல்லும் கிராமத்தின் நடுவே, ஒரு மீனவக் குடும்பம் தன் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. கடந்த அக்டோபர் மாதம் நானும் என் மனைவியும் அங்கே மூன்று இரவுகள் தங்கினோம். வீட்டாரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஊரில் இதைப் போன்ற வீடுகள் வேறு சிலவும் இருக்கின்றன; துறையில் இறங்கி எவரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். நான் எழுதுவதில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் பினாங்கைச் சேர்ந்தவர்கள். எங்கள் தீவில் பாலிக் பூலாவ் மலைச்சரிவுகளில் விளையும் ஜாதிக்காயின் சாற்றைக் குடித்தும், அதன் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்றும் வளர்ந்த எங்களுக்கு, அந்த மரத்தின் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை மாலுக்குத் தீவுகளுக்கு அனுப்பி ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்கு வரவழைத்தது. அதுவரை உலகத்தின் ஜாதிக்காய் முழுவதும் ஏறக்குறைய இந்தச் சின்னஞ்சிறு தீவுகளிலிருந்துதான் சென்றுகொண்டிருந்தது. எனவே இந்தப் பயணம் எங்களுக்கு ஒரு மரத்தின் தாய்வீட்டுக்குச் சென்றுவருவது போலத்தான் இருந்தது.

வழி நீளமானது. அம்போன் நகரத்துக்கு அருகே உள்ள துலேஹு துறைமுகத்திலிருந்து இத்தீவுக்கூட்டத்தின் முக்கியத் தீவான பண்டா நெய்ராவுக்கு விரைவுப் படகில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் படகு ஓடுவதில்லை, அப்போது அரசுக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நெய்ராவிலிருந்து ரூனுக்கு மரப்படகில் மேலும் இரண்டு மணி நேரம். விடியற்காலையில் ரூனிலிருந்து சந்தைக்கு வரும் படகுதான் நண்பகலுக்குப் பின் திரும்பிச் செல்லும். அதைத் தவறவிட்டால் தனிப்படகுக்குப் பல மடங்கு பணம் கொடுக்க வேண்டும், அல்லது மறுநாள் வரை நெய்ராவில் தங்க வேண்டும். நாங்கள் சென்ற படகில் அரிசி மூட்டைகள், சிமெண்ட், பனிக்கட்டிப் பெட்டிகள், பள்ளிச் சீருடை அணிந்த மூன்று பெண்கள், ஒரு கூண்டு நிறையக் கோழிகள் ஆகியவற்றோடு நாங்களும் ஒரு சரக்காக ஏற்றப்பட்டோம். படகின் உரிமையாளர் மழைத்துளி படாமல் எங்கள் பைகளைத் தார்ப்பாயில் சுற்றி வைத்தார், கேட்காமலேயே செய்தார்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான மெத்தை, கொசுவலை, ஒரு மின்விசிறி, கடலை நோக்கிய சன்னல். மின்சாரம் இருக்கிறது, ஆனால் நாங்கள் தங்கிய நாட்களில் இருமுறை நெடுநேரம் நின்றுவிட்டது. கைப்பேசிக்கு வீட்டுக்குள் தொடர்பு கிடைப்பதில்லை, படிக்கட்டின் உச்சிக்கு ஏறினால் ஓரளவு கிடைக்கிறது. மூன்று வேளை உணவோடு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 250,000 ரூபியா வாங்கினார்கள். மலேசியக் கணக்கில் எழுபது ரிங்கிட்டுக்கு அருகில் வரும். ரூனில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை என்பதால் நெய்ராவிலேயே பணத்தைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு செல்வது நல்லது. இந்தோனேசியாவின் 1000 ரூபியாத் தாளின் பின்புறத்தில் அச்சாகியிருப்பது பண்டா நெய்ராவின் காட்சிதான் என்பதை அங்கே ஒரு கடையில் மீதிப் பணம் வாங்கும்போது கவனித்தோம். கடைக்காரச் சிறுவன் தாளைத் திருப்பிக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே எரிமலை இருக்கும் திசையைச் சுட்டினான்.

தண்ணீரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் இந்த வீட்டைப் பற்றியும் இந்த ஊரைப் பற்றியும் ஒருவர் அறிய வேண்டிய முதல் செய்தி அதுவே. ரூன் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமும் கொண்ட தீவு. இதில் ஆறு இல்லை, ஊற்று இல்லை. வீட்டுக்கூரையில் விழும் மழையைத் தகரத் தாழ்வாரம் வழியாகத் தொட்டியில் சேர்த்து ஆண்டு முழுவதும் புழங்குகிறார்கள். மழை குறையும் மாதங்களில் தொட்டி வற்றிவிட்டால், நெய்ராவிலிருந்து பிளாஸ்டிக் கலன்களில் தண்ணீரைப் படகேற்றிக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கூலி உண்டு. நாங்கள் சென்ற அக்டோபரில் வீட்டின் தொட்டியில் முழங்கால் அளவு நீரே இருந்தது. குளியலறையில் எங்களுக்கென ஒரு பெரிய வாளி நிறைய நீர் வைத்திருந்தார்கள். முதல் நாள் மாலை நாங்கள் அதை முழுவதும் பயன்படுத்திக் குளித்துவிட்டோம். மறுநாள் காலையில் வாளி மீண்டும் நிறைந்திருந்தது. அன்று நடுப்பகலில்தான், வீட்டுப் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வந்து ஆளுக்கு இரண்டு குவளை நன்னீரை மட்டும் தலையில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்தோம். அதன்பின் நாங்களும் அவ்வாறே செய்தோம்.

இதை வீட்டார் முதலிலேயே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இது என் முறையீடு என்று சொல்லத்தக்க ஒன்று. விருந்தினரிடம் தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று சொல்வதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். அந்த நாகரிகம் எனக்குப் புரிகிறது. என் பாட்டியின் வீட்டிலும் வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டுவிட்டு மீதியைத்தான் வீட்டார் உண்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு வாளிக் கணக்கில் குளிக்கப் பழகியவர்கள் தொடர்ந்து வந்தால் அந்தத் தொட்டி தாங்காது. அறைக் கதவில் ஒரு தாளில் நான்கு வரி எழுதி ஒட்டினால் போதும். எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் நாள் இதை வீட்டுத் தலைவியான இபுவிடம் சொன்னேன். தாய் வயதுப் பெண்களை மாலுக்குவில் ‘மாமா’ என்றும் அழைப்பதுண்டு. நம் காதுக்கு அது வேறு உறவைச் சொல்வதால் நாங்கள் ‘இபு’ என்றே அழைத்தோம். அவர் சிரித்துவிட்டு, நீங்களே மலாயில் எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். என் மனைவி அதை ஆங்கிலத்திலும் எழுதினார்.

உணவைப் பொறுத்தவரை, இதுவரை நான் தங்கிய எந்த விடுதியிலும் இவ்வளவு பொருத்தமான சமையலை உண்டதில்லை. பொருத்தமான என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன்: தீவில் என்ன கிடைக்கிறதோ அதை மட்டும் கொண்டு, அதன் முழுச் சுவையும் வெளிப்படும்படி சமைக்கிறார்கள். முதல் இரவு ‘ஈக்கான் குவா பாலா’ எனப்படும் மீன் குழம்பு. பாலா என்பது ஜாதிக்காய். இங்கே கொட்டையைப் போடாமல், பழத்தின் வெளிச்சதையைச் சீவிப் போடுகிறார்கள். புளியின் வேலையை அந்தச் சதை செய்கிறது. நாவில் புளிப்பும் மெல்லிய துவர்ப்பும் தங்கி, தொண்டையில் ஒரு குளிர்ச்சி இறங்குகிறது. ஜாதிக்காயை நம்மவர் பெரும்பாலும் மருந்தாகவும் தாம்பூலத்தின் பஞ்சவாசங்களுள் ஒன்றாகவும் அறிந்திருக்கிறோம். அதன் சதை குழம்பில் புளிக்குப் பதிலாகும் என்பதைப் பினாங்கில் பிறந்த நானும் அறிந்ததில்லை.

இரண்டாம் நாள் மதியம் கத்தரிக்காயை வதக்கி, கெனாரி எனப்படும் கொட்டையை அரைத்த கெட்டிச் சாற்றில் போட்டுக் கொடுத்தார்கள். கெனாரி மரங்கள் ஜாதிக்காய்த் தோப்புக்கு நிழல் தருவதற்காக வளர்க்கப்படும் வான்தொடும் மரங்கள். அவற்றின் பருப்பு வாதுமையை ஒத்தது, ஆனால் எண்ணெய்ப்பசை கூடுதல். அதோடு மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, கூம்பு வடிவில் ஆவியில் வேகவைத்த ஒரு பண்டம் இருந்தது. அதன் பெயர் சுவாமி. மலாயில் அந்தச் சொல்லுக்குக் கணவன் என்று பொருள் என்பதால் இபு பரிமாறும்போதெல்லாம் என் மனைவி என்னைப் பார்த்தார். அந்தப் பண்டம் சுலாவெசிக்குத் தென்கிழக்கே உள்ள பூட்டோன் தீவினருடையது; வீட்டுக்காரரின் பாட்டனார் அங்கிருந்து வந்தவராம். காலையில் ரொட்டியோடு ஜாதிக்காய்ச் சதையில் செய்த பழப்பாகு, இலவங்கப்பட்டை போட்ட தேநீர். கீரையும் காய்கறியும் அரிது, படகு கொண்டுவந்தால்தான் உண்டு. தாவர உணவு மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லி, நெய்ராச் சந்தையில் வேண்டியதை வாங்கிச் செல்வது நல்லது. ஊர் முஸ்லிம் கிராமம். மது கிடைக்காது, கேட்கவும் வேண்டாம்.

தோப்புக்கு எங்களை அழைத்துச் சென்றவர் வீட்டின் மூத்த மகன், இருபத்திரண்டு வயது. இந்த வீட்டில் தங்குவதன் முழுப்பயனும் அந்த அரைநாளில் இருக்கிறது என்பேன். இதற்குத் தனிக்கட்டணம் எதுவும் கேட்கவில்லை. கிராமத்தின் பின்புறம் ஏறும் பாதை சிறிது தூரத்திலேயே நிழலுக்குள் நுழைகிறது. மேலே கெனாரி, அதன் கீழே ஜாதிக்காய், அதன் கீழே நாற்றுகளும் சருகும். பழுத்த ஜாதிக்காய் மஞ்சளாக, சிறிய பேரிக்காய் போலத் தொங்கும். முதிர்ந்ததும் தானே வெடித்து, உள்ளே கரும்பழுப்புக் கொட்டையைச் சுற்றிய செக்கச்சிவந்த ஜாதிபத்திரியைக் காட்டும். காய் பறிக்கும் கோல் நீண்ட மூங்கிலின் நுனியில் பின்னிய ஒரு சிறு கூடை. கூடையின் வாயில் இரண்டு கூரிய கவைகள் உண்டு. அதை அவர்கள் ‘காய் காய்’ என்கிறார்கள். ஒரு தமிழர் காதில் அந்தச் சொல் எவ்வாறு விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோலைக் காம்பில் மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினால் காய் கூடைக்குள் விழுகிறது. மண்ணில் விழுந்து அடிபடுவதில்லை.

ஜாதிக்காய் மரத்தில் ஆண், பெண் என்று தனித்தனி மரங்கள் உண்டு. விதை முளைத்து ஏழு ஆண்டுகள் வரை எது எதுவென்று தெரியாது, பூத்தபின்தான் தெரியும். ஆண் மரம் என்று தெரிந்தால், மகரந்தத்துக்காகச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறார்கள். இதை விளக்கிய அந்த இளைஞர், தான் பன்னிரண்டு வயதில் நட்ட பத்து நாற்றுகளைக் காட்டினார். நான்கு பெண் மரங்கள், மூன்று ஆண், மூன்று பட்டுப்போயின. அந்த நான்கு மரங்களின் காய்ப்பு தன் பங்கு என்று தந்தை சொல்லிவிட்டாராம். பத்து ஆண்டு காத்திருப்புக்கு நான்கு மரம். அவருடைய வகுப்பில் படித்தவர்களில் பலர் அம்போனிலும் சோரோங்கிலும் கூலிவேலைக்குப் போய்விட்டார்கள். இவர் போகாமல் இருப்பதற்கு அந்த நான்கு மரங்களும் ஒரு காரணம் என்று சொன்னார். இந்த ஊரின் எதிர்காலத்தைப் பற்றி நான் கேட்ட எல்லாப் பேச்சிலும் எனக்கு மிகத் தெளிவாகப் பட்டது இந்த ஒன்றுதான்: ஒரு பிள்ளை ஊரில் தங்க வேண்டுமானால், அவனுக்கென்று பெயர் சொல்லத்தக்க ஒரு சொத்து அங்கே வளர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

பறித்த காயை வீட்டு முற்றத்தில் பக்குவப்படுத்துவதைப் பார்த்தோம். பார்த்ததோடு நில்லாமல், இபுவும் அவருடைய அக்காவும் எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததால் நாங்களும் உட்கார்ந்து உரித்தோம். பத்திரியைக் கிழியாமல் முழுதாக எடுப்பதில்தான் திறமை. முழுப் பத்திரிக்கு ஒரு விலை, நொறுங்கியதற்கு வேறு விலை. எடைக்கு எடை பத்திரிதான் கொட்டையைவிட விலை கூடியது. பத்திரியைத் தட்டையாக்கி வெயிலில் காயவைத்தால் சிவப்பு மாறிச் செம்மஞ்சளாகிறது. கொட்டையை ஓட்டோடு, மெல்லிய புகை படும் பரணில் வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், அதுவே பக்குவம். இந்த வீட்டில் பரண் இருக்கிறது. வேறு பல வீடுகளில் தார்ப்பாயை விரித்துப் பாதையோரத்திலேயே காயவைக்கிறார்கள். மழை வந்தால் அள்ளுவதற்குள் நனைந்துவிடும். நனைந்த கொட்டையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசிய ஜாதிக்காய்க்குச் சோதனையைக் கடுமையாக்கியதற்கு அந்த நஞ்சே காரணம். எனவே ஓர் ஊரின் வருமானம் உயர்வதும் தாழ்வதும் பெரும்பகுதி இந்தப் பரணில் தீர்மானமாகிறது. வீட்டுக்காரர் தம் பரணை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விருந்தினரிடம் வாங்கிய பணத்தில் கட்டியதாகச் சொன்னார். நாங்கள் கொடுத்த அறை வாடகை எங்கே போகிறது என்பதை நேரில் பார்த்தது இந்தப் பயணத்தின் பெரிய நிறைவு.

ரூனுக்கு வரும் வெளிநாட்டினரில் பெரும்பாலோர், ரூனைக் கொடுத்து மன்ஹாட்டனைப் பெற்றார்கள் என்ற கதைக்காகவே வருகிறார்கள். கதை உண்மையே, ஆனால் சொல்லப்படும் விதம் சற்றுத் தவறு. ஆங்கிலேயர் ரூனில் முதலில் கால்வைத்தது 1603இல். 1616 டிசம்பரில் நத்தானியேல் கோர்ட்டோப் என்ற கம்பெனி அதிகாரி சிறிய படையோடு வந்து, டச்சுக்காரரின் முற்றுகையை நான்கு ஆண்டுகள் தாங்கினார், 1620இல் கொல்லப்பட்டார். பின்னர் டச்சுக்காரர் தீவைப் பிடித்து ஜாதிக்காய் மரங்களை வெட்டிச் சாய்த்தனர். 1667 ஜூலையில் பிரெடா நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, யார் கையில் எது இருக்கிறதோ அது அவரிடமே இருக்கட்டும் என்று விதித்தது. அதன்படி ரூன் டச்சுக்காரரிடமும், 1664இல் ஆங்கிலேயர் பிடித்திருந்த, மன்ஹாட்டன் தீவிலிருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடமும் நின்றுவிட்டன. எவரும் மேசையில் அமர்ந்து இந்தத் தீவுக்கு அந்தத் தீவு என்று பண்டமாற்றுப் பேசவில்லை.

அதைவிட, 1621இல் நடந்ததைத்தான் வருவோர் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் வந்த டச்சுக் கம்பெனிப் படை, ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் பண்டாத் தீவுகளில் சுமார் ஆயிரம் பேரை மட்டுமே எஞ்சவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் நாற்பத்து நான்கு பேர் நெய்ராவில் வெட்டிக் கொல்லப்பட்டனர். தப்பியவர்களுள் சிலர் கெய் தீவுகளுக்குப் படகேறினர். பண்டாவின் பழைய மொழி இன்று பேசப்படுவது அங்கேதான், பண்டாவில் இல்லை. வெறுமையான தீவுகளைத் தோட்டங்களாகக் கூறுபோட்டு, பல நாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு நூலிழை உண்டு. பண்டாவில் ஜாதிக்காய்க்கு மாற்றாக விரும்பி ஏற்கப்பட்டவை சோழமண்டலக் கரையின் துணிகள்; அந்தத் துணிகளைப் பெறுவதற்காகவே டச்சுக்காரர் 1610ஆம் ஆண்டு வாக்கில் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். நம் நெசவாளர் நெய்ததை விலையாகக் கொடுத்துத்தான் இந்த மலைச்சரிவுகளின் காய் கப்பலேறியது.

இவற்றைக் கண்ணால் காட்ட ரூனில் பொருள் எதுவும் இல்லை. கோட்டையின் எச்சம் என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். தீவின் முனையில் நைலாக்கா என்ற சிறு மணல்திட்டு இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறை மேல் நடந்தே போகலாம். கோர்ட்டோப் அரண் அமைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே உட்கார்ந்து, குடிநீருக்கும் அரிசிக்கும் வெளித்தீவுகளை நம்பியிருந்த ஒரு படை நான்கு ஆண்டுகள் எவ்வாறு தாக்குப்பிடித்தது என்று யோசித்தபோது, இபுவின் தொட்டி நினைவுக்கு வந்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மழை, அதே படகு.

கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கைத்தூண்டிலில் சூரை பிடிப்பவர். விடியுமுன் தனியாகச் சிறு படகில் போகிறார். பெரிய மஞ்சள்துடுப்புச் சூரை கிடைத்தால் நல்ல வருமானம். ஆனால் பனிக்கட்டி நெய்ராவிலிருந்து வர வேண்டும். பனிக்கட்டி தீர்ந்திருந்தால், கிடைத்த மீனைத் தரம் குறைந்த விலைக்கு விற்க வேண்டும், அல்லது கருவாடாக்க வேண்டும். நாங்கள் இருந்த இரண்டாம் நாள் அவர் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு மீனோடு வந்தார்; பெட்டியில் பனிக்கட்டி பாதிக்குமேல் உருகியிருந்தது. அண்டை வீடுகளுக்குப் பங்கு போய், எங்கள் இலைக்கும் வந்தது. அவர் முகத்தில் வருத்தம் இல்லை, ஆனால் நெய்ராவில் அந்த மீனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலையை அவர் மனைவி என்னிடம் தனியே சொன்னார். 2010இல் ‘செயில் பண்டா’ என்ற பெயரில் நடந்த கடல் விழாவின்போது மாலுக்கு மாநிலத்தை நாட்டின் மீன் களஞ்சியமாக்குவோம் என்று அரசு அறிவித்ததை ஊரில் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ரூனுக்குத் தேவை ஒரு பனிக்கட்டி இயந்திரம். அதற்கு மின்சாரமும் நன்னீரும் தேவை. இரண்டும் இல்லாத இடத்தில் எந்த அறிவிப்பும் படகுத்துறை தாண்டி ஏறாது என்பது என் எண்ணம்.

மூழ்கிப் பார்க்க விரும்புவோருக்கு, துறையிலிருந்து சற்றுத் தள்ளி நீந்தினாலே பவளச்சுவர் செங்குத்தாக இறங்குகிறது. ஆய், ரூன் தீவுகளைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கண்ணாடியும் மூச்சுக்குழலும் வீட்டில் இருந்தன. இரண்டில் ஒன்று கசிந்தது. சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள்.

படகில் எங்களோடு வந்த சீருடைப் பெண்களில் ஒருவர் இந்த வீட்டின் மகள் என்பது வந்திறங்கியபின்தான் தெரிந்தது. நெய்ராவில் உறவினர் வீட்டில் தங்கி மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறார். வார இறுதியில் கடல் இடம் கொடுத்தால் வருகிறார். செவிலியராக வேண்டும் என்றார். ரூனுக்கே திரும்பி வருவீர்களா என்று என் மனைவி கேட்டபோது, அவர் உடனே பதில் சொல்லவில்லை. இங்கே இரவில் பிரசவ வலி வந்தால், கடல் அமைதியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும், அதனால் வருவேன், ஆனால் வேலை இங்கே இருந்தால்தானே வர முடியும் என்றார். ‘செங் அடா’ என்று அம்போன் மலாயில் முடித்தார். ‘இல்லை’ என்று பொருள். பதினேழு வயதில் ஊரின் நிலையை இவ்வளவு சரியாக அளந்து சொன்னவரிடம் நாங்கள் ஆறுதல் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

விருந்தினர் வருகையை நம்பி இந்த ஊர் பிழைக்கும் என்று நான் எழுதமாட்டேன். இபு காட்டிய வருகைப் பதிவேட்டில் அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களுக்குப் பெயர்கள் இருந்தன. மேற்குக் காற்றும் கிழக்குக் காற்றும் கடலைக் கலக்கும் மாதங்களில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. இரண்டு அறைகள், ஆண்டுக்கு நான்கைந்து மாதங்கள்: அவ்வளவே வருமானம். ஆனால் அந்தச் சிறு வருமானம் கைக்கு நேராக வருகிறது. இடைத்தரகர் இல்லை, விலை விழுவதில்லை. மீனும் காயும் ஏமாற்றும் ஆண்டில் மகளின் பள்ளிச் செலவை அது தாங்குகிறது. 2015 முதல் அரசு ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியாக வழங்கும் கிராம நிதியும் இந்தோனேசியச் சிற்றூர்களுக்கு ஒரு துணை. ரூனில் அதைப் பொதுத் தொட்டிகளுக்கும் பொதுப் பரணுக்கும் முதலில் செலவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஊர்க்கூட்டத்தில் பேசிவருகிறாராம். எனக்கு அவர் சொல்வதே சரியென்று படுகிறது. பயணிகளுக்காக மன்ஹாட்டன் பெயர்ப் பலகையும் நினைவுச் சின்னமும் எழுப்புவதைவிட, மழை நீரைப் பிடிக்கும் ஒரு பெரிய தொட்டி இந்த ஊருக்கு அதிகப் பயணிகளைக் கொண்டுவரும்.

வீட்டாருக்கு நான் சொல்லக்கூடிய குறைகள் மேலும் இரண்டு. கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. படகு நேரத்தைப் பற்றி முன்பதிவின்போது தெளிவாகச் சொல்லவில்லை; திரும்பும் நாளில் காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது முந்தைய இரவு பத்து மணிக்குத்தான் தெரிந்தது. வயதானவர்களுக்கு அந்தப் படிக்கட்டுகள் கடினம். துறைக்கு அருகே தாழ்ந்த இடத்தில் உள்ள வீட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிறு குழந்தைகளோடு செல்வோர் தண்ணீர் நிலையைக் கேட்டறியாமல் போக வேண்டாம். மற்றபடி, இரண்டு நாட்களில் எல்லாத் தீவுகளையும் பார்த்துவிட விரும்புகிறவர்களுக்கு நெய்ராவே போதும். தோப்பிலும் முற்றத்திலும் பொறுமையாக உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள் ரூனுக்கு வரலாம். மூன்று இரவுகள் சரியான அளவு.

விலை பேசாதீர்கள். அரைக் கிலோ கொட்டையும் கால் கிலோ பத்திரியும் வீட்டிலேயே வாங்குங்கள். வியாபாரி கொடுப்பதைவிடக் கூடுதலாக நீங்கள் கொடுத்தாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். வறண்ட மாதங்களில் செல்வோர் நெய்ராவில் படகேறுமுன் இருபது லிட்டர் நன்னீர்க் கலன் இரண்டை வாங்கி உங்கள் பைகளோடு ஏற்றுங்கள். எதற்கு என்று இபு கடிந்துகொள்வார். படகுக்காரரிடம் முன்பே சொல்லிவைத்தால், அவர் பேசாமல் அவற்றைத் தொட்டியின் அருகே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்.